யாங்கோனில் வளர்ந்த தமிழர் ஆங்கிலத்தைத் தெளிவாகப் பேச என்ன வழி?

வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பர்மிய மொழி. நேர்காணலில் ஆங்கிலம் பேசினால் 'என்ன சொன்னீர்கள்?' என்று திருப்பிக் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் தளர வேண்டாம். பலரைத் திணறடிக்கும் ஓர் ஒலி உங்கள் நாவில் ஏற்கெனவே இருக்கிறது. பர்மிய மொழியில் மூன்று என்பதற்கான 'தோன்' என்ற சொல்லின் முதல் ஒலி, ஆங்கில 'த்ரீ'யின் முதல் ஒலிக்கு மிக நெருக்கமானது.

உண்மையான சிக்கல் சொல்லின் கடைசியில்தான். பர்மிய மொழியில் ஈற்றில் வரும் வல்லொலிகள் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். தமிழோ அங்கே ஓர் உகரத்தைச் சேர்க்கும். அதனால் தொப்பியைக் குறிக்கும் 'கேப்'பும் பூனையைக் குறிக்கும் 'கேட்'டும் ஒருவர் வாயில் ஒன்றாகிவிடும். இன்னொருவர் வாயில் 'கேப்பு', 'கேட்டு' ஆகும். உயிரொலியில் தொடங்கும் சொல்லை அடுத்து வைத்துப் பழகுங்கள்: 'கேட் இஸ்' என்பதைச் சேர்த்து 'கேட்டிஸ்' என்று சொன்னால், மறைந்த ஒலி தானாக வெளிவரும். நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

அடுத்தது அழுத்தம். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையில் அழுந்தும். 'ஃபொடாகிரஃபி' இரண்டாம் அசையில். எல்லா அசைகளையும் சமமாக உச்சரித்தால் கேட்பவர் தடுமாறுவார்.

தமிழ்ச் சாயல் குறையன்று. அதை அழிக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். தயக்கம் நீங்க, தினமும் ஒரு கேள்விக்கு மூன்று வாக்கியங்களில் பதில் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அதை நண்பரிடம் கொடுத்து, காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அவர் தவறாக எழுதிய சொற்களே உங்கள் மறுநாள் பயிற்சி.