பூட்டிய கதவெல்லாம் காலி வீடு இல்லை, தம்பி

அன்புத் தம்பி,

மனைவிக்கு அயர்லாந்தின் முல்லிங்கரில் செவிலியர் வேலை உறுதியாகிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வாழ்த்துகள். "பக்கத்தில் பாலிமஹோன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறதாம், படத்தில் பார்த்தால் கடைத்தெருவில் நிறைய கதவுகள் பூட்டிக் கிடக்கின்றன, அங்கே வீடு மலிவாகக் கிடைக்குமா, நான் ஒரு மளிகைக் கடை போடலாமா அக்கா?" என்பது உங்கள் கேள்வி. பாலிமஹோன் இருக்கும் லாங்ஃபோர்ட் கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) நான் வந்து பதினோரு வருடம் ஆகிறது. வந்த புதிதில் என் வீட்டுக்காரரும் இதே கணக்கைத்தான் போட்டார்.

கடைக்குப் பதில் சுருக்கமானது: இப்போது முடியாது. மனைவியின் வேலை அனுமதியை வைத்து உங்களுக்குக் கிடைப்பது ஸ்டாம்ப் 1ஜி என்ற வகைத் தங்கும் அனுமதி. அதில் யாரிடம் வேண்டுமானாலும் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம், சொந்தத் தொழில் மட்டும் கூடாது. அதற்கு ஸ்டாம்ப் 4 வேண்டும். உங்கள் மனைவி போல கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் (ஆள் தட்டுப்பாடுள்ள வேலைகளுக்கான) அனுமதியில் வருபவர் இரண்டு வருடத்தில் அதற்கு மாறிவிடலாம். துணையாக வருபவருக்கு ஐந்து வருடம் ஆகும். வேறு ஒருவர் பெயரில் கடையைப் போட்டு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வீட்டு விஷயம்தான் நீளம். இந்தப் பக்கத்து ஊர்களில் வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்று தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும். 1998இல் ஷானன் ஆற்றின் மேற்பகுதிக்கு ஒரு வரிச்சலுகைத் திட்டம் வந்தது. லாங்ஃபோர்ட், லீட்ரிம் இரண்டும் முழுதாக அதில் அடக்கம். வீடு கட்டினால் வரி மிச்சம் என்றதும் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்காமல் கட்டித் தள்ளினார்கள். 2008இல் வீட்டுச் சந்தை சரிந்தது. 2010இல் அரசு எண்ணிப் பார்த்தபோது நாடு முழுக்க 2,800க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் அரைகுறையாக நின்றன. 'பேய்க் குடியிருப்பு' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்தது அப்படி ஒன்றில்தான். கட்டியவர் திவாலாகிப் போயிருந்தார், கவுன்சிலும் (உள்ளாட்சி மன்றம்) அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே தெருவிளக்கு எரியாது, சாலைக்கு மேல்பூச்சுத் தார் கிடையாது. இரவுப் பணி முடிந்து கைபேசி வெளிச்சத்தில் வீடு வந்து சேர்ந்த நாட்கள் உண்டு. வாடகைக்கோ விலைக்கோ எந்தக் குடியிருப்பைப் பார்த்தாலும், "கவுன்சில் எடுத்துக்கொண்டதா?" என்று முதலில் கேளுங்கள்.

கடைத்தெருவில் பூட்டிக் கிடப்பவை வேறு ரகம். பாட்டி இறந்திருப்பார், வாரிசு ஐந்து பேரில் இருவர் பாஸ்டனில், ஒருவர் சிட்னியில். பத்திரம் யார் பெயரில் என்பதே தீராமல் கூரை ஒழுகிக்கொண்டிருக்கும். நம் ஊர்ப் பங்காளி வழக்கு மாதிரிதான், சத்தம் மட்டும் இருக்காது. இப்படி இரண்டு வருடத்துக்கு மேல் காலியாக இருக்கும் பழைய வீட்டை வாங்கிச் சீர்செய்து குடியேறினால் அரசு மானியம் உண்டு. 2023 மே முதல் காலி வீட்டுக்கு 50,000 யூரோ வரை, இடிந்த நிலையில் இருந்தால் 70,000 வரை. நாங்கள் அந்த வழியில்தான் போனோம். அதில் ஒரு சங்கதி: வேலை முடிந்து, கவுன்சில் ஆள் வந்து பார்த்த பிறகுதான் பணம் கைக்கு வரும். அதுவரைக்கும் கிரெடிட் யூனியனில் (கூட்டுறவுக் கடன் சங்கம் மாதிரி) கடன் வாங்கி ஓட்டினோம். தச்சரும் குழாய்க்காரரும் டப்ளின் பக்கம் போய்விடுவதால் ஆள் பிடிப்பதே பெரும்பாடு. ஐந்து வருடத்துக்குள் விற்றால் மானியம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். ஆகையால் முதல் வருடமே இதில் இறங்காதீர்கள்.

அப்படியானால் புதிதாகக் கட்டலாமே என்பீர்கள். இங்கே ஊர் வளர்வதும் நிற்பதும் பெரும்பாலும் சாக்கடைக் குழாயின் கையில். கழிவுநீர் நிலையத்தில் இடம் இல்லையென்றால் புதிய குடியிருப்புக்கு இணைப்பு கிடைக்காது. எந்த ஊரில் இடம் உண்டு, எங்கே இல்லை என்று இஷ்கா ஏரன் (Uisce Éireann) என்ற அரசுத் தண்ணீர், கழிவுநீர் நிறுவனம் பச்சை, மஞ்சள், சிவப்பு போட்டு வெளியிடுகிறது. வீட்டு விளம்பரத்துக்கு முன்னால் நான் அதைத்தான் பார்ப்பேன். இன்னொரு தடை, சின்ன ஊர்களில் கட்டும் செலவு பல நேரம் விற்கும் விலையைத் தாண்டிவிடுகிறது. அதனால் தனியார் கட்டத் தயங்குகிறார்கள்.

"சென்டர் பார்க்ஸ் வந்துவிட்டதே, ஊர் செழிக்காதா?" என்றும் கேட்டிருந்தீர்கள். அது ஒரு பெரிய விடுமுறை விடுதி; 2019இல் பாலிமஹோனுக்குப் பக்கத்துக் காட்டில் 23 கோடி யூரோவுக்கு மேல் செலவில் திறந்தார்கள். சுமார் ஆயிரம் பேருக்கு வேலை. அது சும்மா இல்லை, இங்கே பலர் வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில். ஆனால் அங்கே தங்க வருகிறவர்களுக்குக் கடை, உணவகம், நீச்சல்குளம் எல்லாம் வேலிக்குள்ளேயே இருக்கின்றன. கடைத்தெருவுக்கு வருவது விருந்தாளியின் பணம் அல்ல, வேலைக்காரரின் சம்பளம். அதிலும் ஒரு பங்கு சனிக்கிழமை காரில் ஏறி அத்லோனுக்கோ லாங்ஃபோர்டுக்கோ போய்விடும். வேலைக்கு வந்தவர்களோ வாடகை வீட்டுக்கு நம்மோடு வரிசையில் நிற்கிறார்கள். கடைத்தெருவில் கதவு பூட்டியிருக்கிறது, வாடகைக்கும் வீடு இல்லை என்பது இப்படித்தான்.

பின்னால் கடை போடும் எண்ணம் இருந்தால் நம் ஆட்களின் தலையை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். சாம்பார்ப் பொடி வாங்க நான்கு குடும்பம் வரும், அவர்களும் மாதம் ஒருமுறை டப்ளினில் மொத்தமாக வாங்கி வருகிறவர்கள். ஊர்க்காரருக்கு என்ன இல்லை என்று பாருங்கள். தையல், செருப்புத் தைப்பது, சைக்கிள் பழுது, இப்படி எதுவானாலும்.

இப்போதைக்கு முல்லிங்கரிலேயே வாடகைக்குப் பாருங்கள். நேரில் பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்ப வேண்டாம். முன்பணம் (டெபாசிட்) ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம். இரவுப் பணிக்குப் பேருந்தை நம்பி பாலிமஹோனிலிருந்து போய்வர முடியாது, கார் வேண்டும். இந்திய ஓட்டுநர் உரிமத்தை இங்கே மாற்றித் தர மாட்டார்கள், எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும்.

வந்து சேர்ந்ததும் ஒரு மழை நாளில் இருவரும் இந்தப் பக்கம் வாருங்கள். வெயிலில் எல்லா வீடும் அழகாகத்தான் தெரியும், மழையில்தான் ஈர வாடை வரும். நானே தெருவைச் சுற்றிக் காட்டுகிறேன். எந்தப் பூட்டு யாருடையது என்று பாதிக்கு மேல் எனக்குத் தெரியும்.