கர்ப்பப்பையை எடுத்தால் அடி இறக்கம் தீருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. சில ஆண்டுகளாக அடி இறங்கியிருக்கிறது. தண்ணீர் லாரி வந்து குடம் தூக்கும் நாட்களில் கர்ப்பப்பை வெளியிலேயே வந்துவிடுகிறது. கையால் உள்ளே தள்ளினால்தான் சிறுநீர் பிரிகிறது. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். ஆனால் எங்கள் தெருவில் ஒருவருக்கு எடுத்த பிறகும் மூன்றே ஆண்டுகளில் மறுபடி இறங்கிவிட்டது. நம்பிச் செய்யலாமா?

வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: செய்யலாம். சிறுநீர் முழுதாகப் பிரியாமல் தேங்கினால் தொற்று வரும் என்பதால் காலம் கடத்தவும் வேண்டாம்.

ஆனால் கர்ப்பப்பையை எடுப்பது மட்டுமே இதற்குச் சிகிச்சை ஆகிவிடாது. பிரசவங்களாலும் வயதாலும் தளர்ந்துபோன தசைகளும் தசைநார்களும்தான் இறக்கத்துக்குக் காரணம். கர்ப்பப்பையை எடுத்த பின் பிறப்புறுப்பின் மேல் முனையை உறுதியான தசைநாரோடு சேர்த்துத் தைக்காமல் விட்டால், நாளடைவில் அந்த முனையே இறங்கும். சிறுநீர்ப்பையும் குடலும் அதோடு சரியும். ஆகவே, மேல் முனையை எதில் சேர்த்துத் தைப்பார்கள், இந்த அறுவை சிகிச்சையை அவர்கள் அடிக்கடி செய்கிறார்களா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

அப்படித் தைத்தாலும் மீண்டும் இறங்காது என்று யாரும் உறுதி தர முடியாது. இப்படித் தைக்கும் இரண்டு முறைகளை ஒப்பிட்டு 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் இரு பிரிவிலும் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ‘தோல்வி’ என்ற கணக்கில் சேர்ந்தனர். இதைப் படித்து அஞ்ச வேண்டாம். அவர்களில் பலருக்குச் சோதனையில் தெரிந்த சரிவும் அந்தக் கணக்கில் அடக்கம்; மறுசிகிச்சை தேவைப்பட்டது ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான், முன்பிருந்த அவதியும் பொதுவாகக் குறைந்தே இருந்தது. அம்மா நிம்மதியாகச் சிறுநீர் கழிக்கிறாரா, எதுவும் தட்டுப்படாமல் உட்கார்ந்து எழுகிறாரா என்பதையே நான் வெற்றியாகக் கொள்வேன்.

ஒன்றை முன்கூட்டியே அறிந்திருங்கள். இறங்கிய உறுப்பு சிறுநீர்ப் பாதையை மடக்கி வைத்திருப்பதால் மறைந்திருந்த கசிவு, அது சரியான பின் இருமும்போதோ தும்மும்போதோ வெளிப்படலாம். உறுப்பை உள்ளே ஏற்றி வைத்து இருமச் சொல்லி, இதை முன்னரே சோதிக்க முடியும். தளர்ந்த இடத்தைத் தாங்கிப் பிடிக்கப் பிறப்புறுப்பு வழியாகப் பொருத்தும் செயற்கை வலையை, இறக்கத்துக்கு விற்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஏப்ரலில் நிறுத்தியது. யாராவது பரிந்துரைத்தால் காரணம் கேளுங்கள்.

பிறப்புறுப்பையே தைத்து மூடிவிடும் எளிய முறையும் உண்டு. மீண்டும் இறங்குவது அதில் மிகக் குறைவு. ஆனால் பின்னர் தாம்பத்திய உறவு இயலாது என்பதால், பிள்ளைகள் முடிவெடுக்காமல் அம்மாவிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

அறுவைக்குப் பின் குறைந்தது ஆறு வாரம் கனமானது எதையும் அவர் தூக்கக் கூடாது. மலச்சிக்கலும் நாள்பட்ட இருமலும் தையலை மெல்லத் தளர்த்துபவை, அவற்றுக்கு இப்போதே மருத்துவம் பாருங்கள். அறுவை செய்யும் வரை, அல்லது அறுவையே வேண்டாம் என்று அவர் சொன்னால், உறுப்பைத் தாங்கிப் பிடிக்கும் சிலிக்கோன் வளையம் ஒன்றை உள்ளே பொருத்தி, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துச் சுத்தம் செய்து வரலாம். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் அதைப் பற்றி விசாரியுங்கள்.