வெள்ளைச் சோறு மட்டுமே சாப்பிடும் பிள்ளைகளுக்கு முழுதானியத்தை எப்படிப் பழக்குவது?

தருமபுரியில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், அதனால் கடையில் ஓட்ஸ் தேட வேண்டாம். ராகியும் சாமையும் நம் மண்ணிலேயே விளைகின்றன. இங்கே ரேஷனிலேயே அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரும் திட்டம் 2023-ல் வந்தது.

முதல் நாளே களி வைத்தால் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். மாவில் தொடங்குங்கள். இட்லிக்கு 4 டம்ளர் அரிசி போடுவீர்கள் என்றால், 3 அரிசி, 1 முழு ராகி. உளுந்து வழக்கம்போல. தோசை கொஞ்சம் கருக்கும், ஆனால் நன்றாக முறுகும். என் பிள்ளைகள் அந்த முறுகலுக்காகவே கேட்டார்கள். இரண்டு வாரம் கழித்து பாதிக்குப் பாதி ஆக்கலாம்.

100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10-ஐ ஒட்டித்தான். முளைகட்டி அரைத்தால் இரும்புச்சத்தும் உடம்பில் நன்றாகச் சேரும்.

சாமை வாங்கும்போது பளிச்சென்ற வெள்ளையைத் தவிர்த்துவிடுங்கள், அது தவிடு போனது. பழுப்பேறியதை அரைமணி ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர் வைத்து வேகவிடுங்கள். புளிசாதமாகக் கிளறினால் வித்தியாசமே தெரியாது.

களியை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். நொய்யை வேகவிட்டு, மாவு கொட்டி, கட்டியில்லாமல் கிண்டி, சுடச்சுட அவரைக்கொட்டைக் குழம்போடு கொடுங்கள். பெரியவர்கள் ரசித்துச் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கை நீட்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் கூழையும் களியையும் அளவோடு சாப்பிட வேண்டும், ராகியும் மாவுச்சத்துதான்.