சிறுவர் சுகாதாரக் கொள்கைப் பணி: மருத்துவம் படிக்காதவருக்கு இடமுண்டா?

கேள்வி: கொழும்பில் இவ்வருடம் சமூகவியல் பட்டப்படிப்பை முடித்தேன்; சொந்த ஊர் ஹட்டன். சிறுவர் சுகாதாரக் கொள்கை, அது தொடர்பான சட்டச் சீர்திருத்தம் ஆகியவற்றில் உள்ளகப் பயிற்சி பெற விரும்புகிறேன். ஒரு தொண்டு நிறுவனம் 6 மாதம் சம்பளமின்றி வரச் சொல்கிறது. மருத்துவமோ சட்டமோ படிக்காத எனக்கு இத்துறை சரிவருமா? அப்பா வங்கிப் பரீட்சைக்குப் படிக்கச் சொல்கிறார்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ஊரிலிருந்தே தொடங்குவோம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, நாட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். ஹட்டனைச் சூழ்ந்துள்ளவை போன்ற பெருந்தோட்டப் பகுதிகளில் அது சுமார் 32 வீதம். இந்த இடைவெளியை வைத்தியர்களால் மட்டும் அடைக்க முடியாது. தாயின் வேலை நேரம், நாட்கூலி, லயன் அறை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு), பிள்ளை மடுவம் (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையம்) எல்லாம் அதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் மூன்றாவது குழந்தை முதல் 42 நாளாகக் குறைந்துவிடும் விடுமுறை, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே எத்தனையாவது குழந்தையாயினும் 84 நாள் என்றானது. அது தொழிற் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம். பயனடைவது கைக்குழந்தையின் உடல்நலம். ஆகவே சமூகவியல் படித்தவருக்கு இங்கே தாராளமாக இடமுண்டு.

ஆனால் எங்கே வேலை நடக்கிறது என்பதைச் சரியாகக் கணித்துக்கொள்ளுங்கள். சட்டச் சீர்திருத்தம் என்றதும் பலருக்கும் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையிலுள்ள பாராளுமன்றமே நினைவுக்கு வரும். சட்டமூலம் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னரே, அமைச்சரவைப் பத்திரமாகவும், சட்டவரைஞர் திணைக்களத்தின் வரைவாகவும், சட்டமா அதிபரின் அபிப்பிராயத்துக்குரிய ஆவணமாகவும் மேசை மேசையாகக் கடந்து, பெரும்பாலும் இறுகிப்போய்விடுகிறது. வர்த்தமானியில் வெளியாகி, பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் (நிகழ்ச்சி நிரலில்) வைக்கப்பட்டபின் எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்தில் அதனை ஆட்சேபிக்கலாம் என்றாலும், அதற்குரிய காலம் மிகக் குறுகியது. சட்டமாகச் சான்றுப்படுத்தப்பட்டபின் அது செல்லுபடியாகுமா என்பதை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த அரசியலமைப்பு இடமளிப்பதில்லை. எனவே முன்கூட்டியே பேசுவதற்குத்தான் பெறுமதி அதிகம்.

இன்னுமொன்று: பிள்ளைகளைத் தொடும் பல மாற்றங்களுக்குப் புதிய சட்டமே தேவைப்படுவதில்லை. 2016இல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்பச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளங்கள் கட்டாயமாக்கப்பட்டமை, 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளால் நிகழ்ந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு என்ற அந்த ஒரு வரியை எழுதுவதற்குப் பின்னால் ஆய்வுக் குறிப்பும் கடிதமும் கூட்டமும் தேவைப்படும். உள்ளகப் பயிற்சியில் நீங்கள் கற்க வேண்டியது இந்தக் கைத்தொழிலைத்தான்.

ஆதலால், அந்த நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘நான் எதை எழுதுவேன், அதை யார் வாசித்துத் திருத்துவார்?’ என்பதே. கொள்கைக் குறிப்பு, பாராளுமன்றக் குழுக்களுக்கான எழுத்துமூலச் சமர்ப்பணம், ஹன்சாட்டிலிருந்து (பாராளுமன்ற உரைகளின் பதிவு) தொகுத்த விவரம் என்று தெளிவான விடை வந்தால் நல்லது. ‘நிகழ்ச்சி ஒழுங்கமைப்பு, முகநூல் பக்கம்’ என்று இழுத்தால், அது வேறு வேலை. கேவலமில்லை, ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல. இரண்டாவது கேள்வி பணம் எங்கிருந்து வருகிறது என்பது. பால்மாக் கம்பனியின் அனுசரணையில் குழந்தைப் போசாக்கு பேசுமிடத்தில் உங்கள் பெயரைச் சேர்க்காதீர்கள். தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேசக் கோவை 1981இலேயே வந்துவிட்டது. மூன்றாவதாக, சிறுவர் பாதுகாப்பு ஒழுக்கக் கோவையில் கையொப்பமிடச் சொல்கிறார்களா என்று பாருங்கள். பிள்ளைகளோடு தொடர்புள்ள ஒரு நிறுவனம் அதைக் கேட்காமலே உங்களைச் சேர்த்துக்கொள்வது நல்ல அறிகுறியல்ல.

சம்பளமில்லாத 6 மாதம் நீளம் அதிகம். வெள்ளவத்தையில் அறை வாடகை கட்டி, பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வீட்டில் கேட்டு வாங்கும் நிலையில், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே இத்துறை என்றாகிவிடுகிறது. தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் மேசையில் தோட்டத்திலிருந்து வந்தவர் அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 3 மாதம், வாரத்தில் 3 நாள், குறைந்தது போக்குவரத்துச் செலவு என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடலாம். குடும்ப சுகாதாரப் பணியகம், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை, யுனிசெப் அலுவலகம், கொள்கை ஆய்வு நிறுவனங்கள் எல்லாம் கொழும்பிலும் அதன் சுற்றாடலிலுமே உள்ளன. வாய்ப்பு இருக்கிறதா என்று விசாரித்து எழுதுங்கள்.

விண்ணப்பத்துடன் இணைக்க நீங்களே எழுதிய ஏதாவதொன்று இருக்கட்டும். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவமாது) பதவிகளில் எத்தனை வெற்றிடம் என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். கிடைத்ததை வைத்து இரண்டு பக்கக் குறிப்பெழுதுங்கள். சிங்களத்தையும் வளர்த்துக்கொள்ளுங்கள்: கொழும்பு அலுவலகக் கூட்டங்கள் பெரும்பாலும் அம்மொழியில் நடக்கின்றன, நம் சட்டங்களிலும், சிங்கள, தமிழ் உரைகளிடையே முரண்பாடு ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற பிரிவு இருக்கிறது.

அப்பாவிடம் வங்கிப் பரீட்சைக்கும் தோற்றுவதாகச் சொல்லுங்கள். வாரத்தில் மீதி நாட்கள் அதற்குப் போதும். ஆனால் ஒரு வருடத்துக்குள் சம்பளமுள்ள ஆய்வு உதவியாளர் பதவி கிடைக்காவிட்டால் என்ன செய்வதென்பதை இப்போதே அவரோடு பேசி முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.