99.5 சதவீத எத்தனால் காட்டும் புரோகிராம்: பிழை லூப்பில் இல்லை

வணக்கம். எத்தனால்-தண்ணீர் டிஸ்டிலேஷன் டவருக்கு நீங்கள் பைத்தானில் எழுதிய புரோகிராம், தட்டுகளைக் கூட்டினால் உச்சியில் 99.5 சதவீதம் காட்டுகிறது, லூப்பில் எங்கே பிழை என்று கேட்டிருந்தீர்கள். லூப்பைத் தொடாதீர்கள். நீங்கள் போட்டிருக்கும் வரிகளில் இலட்சியக் கலவைகளுக்கு மட்டும் பொருந்தும் ரவுல்ட் விதிதான் இருக்கிறது, சிக்கலே அதுதான்.

வளிமண்டல அழுத்தத்தில் இந்தக் கலவை எடைப்படி சுமார் 95.6 சதவீதத்தில், 78.2 டிகிரி செல்சியஸில் கொதிநிலை மாறாக் கலவையாகிவிடும், அதாவது ஆவியும் திரவமும் ஒரே விகிதத்தில் இருக்கும். அதன் பிறகு எத்தனை தட்டு போட்டாலும் ஏறாது. அதனால் இலட்சியமல்லாத கலவைகளுக்கான என்ஆர்டிஎல் (NRTL) சமன்பாட்டில் ஆக்டிவிட்டி கெழுக்களை, அதாவது ரவுல்ட் விதியிலிருந்து விலகலைச் சரிசெய்யும் எண்களைக் கணக்கிட்டு, ஆவி அழுத்தத்தோடு பெருக்குங்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். சில அட்டவணைகளில் என்ஆர்டிஎல் அளவுருக்கள் கலோரியில் இருக்கும், சிலவற்றில் ஜூலில். கலோரி என்றால் வாயு மாறிலி 1.987, ஜூல் என்றால் 8.314. மாற்றிப் போட்டாலும் புரோகிராம் சத்தமில்லாமல் ஓடும், எண்ணும் நம்பும்படியே வரும். நான் இதில் இரண்டு நாள் மாட்டியிருக்கிறேன். ஆவி அழுத்தத்தைக் கணக்கிடும் ஆன்டாயின் சமன்பாட்டின் மாறிலிகளிலும் மடக்கை பத்தடியா, இயற்கையா என்று பாருங்கள்.

அப்புறம், டவரை ஓட்டும் முன், திரவத்தின் கலவையிலிருந்து ஆவியின் கலவையைக் கணக்கிடும் சமநிலை ஃபங்ஷனை மட்டும் தனியாகச் சோதியுங்கள். எத்தனால் மோல் பின்னம் 0.894 கொடுத்தால் ஆவியிலும் அதே 0.894 வர வேண்டும். ஆக்டிவிட்டி கெழு எத்தனாலுக்கு ஏறக்குறைய 1.01, தண்ணீருக்கு 2.3. அது சரியானால், இலவசமாகக் கிடைக்கும் டிடபிள்யூசிம் (DWSIM) என்ற வேதிச் செயல்முறை சிமுலேட்டரில் அதே டவரைப் போட்டு ஒப்பிடுங்கள். அப்போதும் இடித்தால் சமநிலை ஃபங்ஷனை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.