கணினியில் உரையைத் தேடும் கிரெப் (grep), உரையைப் பிரித்துக் கணக்கிடும் ஆக் (awk) போன்ற பழைய யூனிக்ஸ் கட்டளைகள் இன்றும் மாறாமல் ஓடுவது எப்படி?

பெல் ஆய்வகத்தில் 1973-இல் கென் தாம்சன் எழுதிய கிரெப்பும், 1977-இல் வந்த ஆக்கும் நிலைத்ததற்கு, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொது விதிகளான பாசிக்ஸ் (POSIX) தரநிலை முக்கியக் காரணம். 1992-இல் வெளியான அதன் இரண்டாம் பகுதி, நிரலை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. எந்த உள்ளீட்டுக்கு என்ன விடை வர வேண்டும் என்பதையே வரையறுத்தது. லினக்ஸிலும் மேக்கிலும் உள்ளிருக்கும் நிரல் வேறு, தரநிலை வரையறுத்த நடத்தை ஒன்று.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் சரக்குப் பதிவு எளிய உரைக்கோப்பாக இருக்கட்டும். ஒரு வாடிக்கையாளரின் வரிகளை கிரெப் பொறுக்கி எடுக்கும். நான்காம் நெடுவரிசையிலுள்ள பெட்டிகளின் எண்ணிக்கையை ஆக் கூட்டித் தரும். இரண்டையும் இணைக்க ஒரு செங்குத்துக் கோடு (|) போதும்; முதல் கட்டளையின் விடை அடுத்ததற்கு உள்ளீடாகப் போகும். வேறு வேறு ஆட்கள் எழுதிய கருவிகள் இப்படிக் கைகோப்பதைத்தான் பெரிய சாதனை என்பேன்.

ஒரு எச்சரிக்கை: உரையை மாற்றும் இன்னொரு கட்டளையான செட்டில் (sed), கோப்பை அப்படியே திருத்தும் -i என்ற விருப்பம் தரநிலையில் இல்லை. லினக்ஸில் ஓடும் வரி மேக்கில் பிழை காட்டலாம். பல ஆண்டுகள் ஓட வேண்டிய ஸ்கிரிப்டில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.