பாரிஸின் எளிய உணவகத்தில் சாப்பிட விரும்புவோருக்கு

கேள்வி: வரும் அக்டோபரில் நானும் மனைவியும் அம்மாவும் சில நாட்கள் பாரிஸில் தங்குகிறோம். ஆடம்பர உணவகங்களில் எங்களுக்கு நாட்டமில்லை. அவ்வூர்க்காரர்கள் அன்றாடம் சாப்பிடும் பழைய பாணி உணவகத்தில் சாப்பிட்டுப் பார்க்க விரும்புகிறோம். நாங்கள் இருவரும் மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி தவிர மற்ற அசைவம் சாப்பிடுவோம். அம்மா முட்டையும் சேர்க்காத சைவம். ஒருவருக்கு 25 யூரோவுக்குள் முடியுமா? எங்கே போவது, எதைக் கேட்பது, டிப்ஸ் எவ்வளவு வைப்பது? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: 25 யூரோ போதும், மதிய வேளையில் போனால் மிச்சம்கூட ஆகும். உங்கள் கேள்வியில் பணத்தைவிடச் சிக்கலானது அம்மாவின் உணவுதான். அதைப் பின்னால் தனியே சொல்கிறேன்.

முதல் வேளைக்கு, ‘புய்யோன்’ என்ற வகை உணவகத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் துவால் என்ற பாரிஸ் இறைச்சி வியாபாரி, உயர்ந்த துண்டுகளைப் பணக்காரர்களுக்கு விற்றுவிட்டு, எஞ்சியவற்றை வேகவைத்துச் சாறும் கறியுமாக உழைப்பாளிகளுக்குக் குறைந்த விலையில் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வந்த மரபு இது. இன்றும் அதே கணக்கில்தான் நடக்கிறது: பெரிய கூடம், நெருக்கமான மேசைகள், ஆண்டுக்கணக்கில் மாறாத உணவுப் பட்டியல், வேகமாகக் காலியாகி மறுபடி நிரம்பும் இருக்கைகள். ஃபோபூர் மோன்மார்த்ர் தெருவில் 1896இல் தொடங்கப்பட்ட ஷார்த்தியே இவற்றில் புகழ்பெற்றது. அதன் கூடம் 1989 முதல் வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. அங்கே பரிமாறுபவர் நீங்கள் கேட்டதை மேசைமேல் விரித்த காகிதத்திலேயே எழுதி, முடிவில் அதிலேயே கூட்டிக் கணக்குச் சொல்வார். மயோனெய்ஸ் ஊற்றிய அவித்த முட்டை இரண்டு மூன்று யூரோவிலும், முதன்மை உணவு பெரும்பாலும் 10 முதல் 15 யூரோவுக்குள்ளும் கிடைப்பதால், மூன்று சுற்றுச் சாப்பிட்டாலும் 25ஐத் தாண்டுவது கடினம். முன்பதிவு கிடையாது, வரிசையில்தான் நிற்க வேண்டும். பகல் பதினொன்றரை முதல் நள்ளிரவு வரை இடைவிடாமல் திறந்திருப்பதால் மாலை ஆறு மணிக்குப் போனால் அதிகம் காத்திருக்க நேராது. 2017இல் பிகால் பகுதியிலும் 2021இல் ரெப்யூப்ளிக் சதுக்கத்திலும் தொடங்கப்பட்ட புதிய புய்யோன்களும் நன்றாகவே இருக்கின்றன. உணவின் தரத்தை மட்டும் பார்த்தால் நான் அவற்றையே சற்று மேலாகச் சொல்வேன். ஷார்த்தியேவுக்குப் போவது அந்தக் கூடத்துக்காக.

ஆனால் நீங்கள் கேட்டது ஊர்க்காரர்களின் அன்றாட உணவகம் என்பதால், இரண்டாவது வேளையைக் குடியிருப்புப் பகுதியில் உள்ள ‘பிஸ்த்ரோ’ என்ற சிறு உணவகம் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள். ஈஃபில் கோபுரத்தையும் நோத்ர் தாமையும் விட்டு விலகி, 11, 12, 15, 20ஆம் வட்டாரங்களில் நடந்தாலே தெருவுக்கு ஒன்று கண்ணில் படும். விலைப்பட்டியலை வாசலில் வைத்தே ஆக வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம் என்பதால், உள்ளே நுழையாமலேயே எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளலாம். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிய நான்கைந்து உணவுகள் இருந்தால் அது நல்ல அறிகுறி. ஐந்து மொழிகளில் வண்ணப் படங்களோடு முப்பது உணவுகள் இருந்தாலும், வாசலில் ஒருவர் நின்று உள்ளே அழைத்தாலும் நிற்காமல் நடந்துவிடுங்கள். வாணலிக்கு மேல் கூரை போட்டது போன்ற சிறு சின்னம் பட்டியலில் சில உணவுகளுக்கு எதிரே இருக்கும். அவை அங்கேயே சமைக்கப்பட்டவை என்பதற்கு 2014 முதல் நடைமுறையில் உள்ள அடையாளம் அது. உறைபனியில் வந்த பொட்டலத்தைச் சூடாக்கித் தரும் இடங்களும் பாரிஸில் உண்டு என்பதால் அதைக் கவனிப்பது நல்லது.

பிஸ்த்ரோவில் மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை, இரவு ஏழு அல்லது ஏழரை முதல் பத்து வரை என்றுதான் அடுப்பு எரியும். மூன்று மணிக்குப் போய்ப் பசிக்கிறது என்றால் காப்பிதான் கிடைக்கும். ஞாயிறும் திங்களும் பல கடைகளுக்கு விடுமுறை. சிக்கனம் பார்ப்பவர்கள் மதியமே போக வேண்டும்: தொடக்க உணவும் முதன்மை உணவும், அல்லது முதன்மை உணவும் இனிப்பும் சேர்ந்த ‘ஃபோர்முல்’ என்ற கட்டு விலை, நம் ஊர் அளவுச் சாப்பாட்டைப் போல, மதியத்துக்கு மட்டும் உரியது; பெரும்பாலும் 16 முதல் 22 யூரோவுக்குள் முடிந்துவிடும். அதே உணவுகளை இரவில் தனித்தனியாகக் கேட்டால் முப்பதைத் தாண்டும். ‘பிளா து ஜூர்’ என்று எழுதியிருப்பது அன்றைய முதன்மை உணவு; சந்தையில் அன்று வாங்கியதை வைத்துச் செய்வதால் பெரும்பாலும் அதுவே அந்தக் கடையின் சிறந்த தேர்வு. இன்னொன்று: பட்டியலில் ‘ஆந்த்ரே’ என்பது தொடக்க உணவைக் குறிக்கும். அமெரிக்க வழக்கத்தை எண்ணி அதை முதன்மை உணவென்று கேட்டுவிட்டு, சிறு தட்டைப் பார்த்து ஏமாறுபவர்கள் பலர்.

இனி உங்கள் இருவரின் உணவு. ‘பஃப்’ என்றால் மாடு, ‘போர்’ என்றால் பன்றி என்பதை எளிதில் நினைவில் வைத்துக்கொள்வீர்கள். தடுக்கி விழச் செய்வது ‘வோ’ என்ற சொல்தான். அது கன்றிறைச்சி. வெண்ணிறக் குழம்போடு சோற்றின்மேல் வரும் ‘பிளான்கெத் தெ வோ’ கோழிக்குருமா போலத் தோன்றினாலும் கன்றிறைச்சிதான். ‘ரி தெ வோ’ என்பதும் சோறு அல்ல, கன்றின் கழுத்துச் சுரப்பி. இரண்டு ‘ரி’யும் ஒலியில் ஒன்றே என்பதால், கடைசி எழுத்து இஸட் என்றால் அரிசி, எஸ் என்றால் சுரப்பி என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஆந்துயெத்’ பன்றிக்குடலால் ஆன கனத்த சாசேஜ். பிரெஞ்சுக்காரர்களிலேயே பாதிப் பேர் அதன் வாடையைப் பொறுக்க மாட்டார்கள்.

பெயரில் தெரியாமல் உள்ளே ஒளிந்திருப்பவை இன்னும் முக்கியமானவை. ‘லார்தோன்’ என்ற சிறு பன்றிக்கொழுப்புத் துண்டுகள் பச்சைக்காய் சாலட், பருப்பு சாலட், பட்டாணிக் கூட்டு என்று எங்கும் தூவப்படுகின்றன. சேவலை வைனில் வேகவைக்கும் ‘கோக் ஓ வான்’ கோழியுணவுதானே என்று கேட்பீர்கள்; அதிலும் பழைய செய்முறைப்படி லார்தோன் உண்டு. வெங்காய சூப்பின் அடிப்படை பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு. கோழிக்கும் வாத்துக்கும் ஊற்றும் பழுப்பு நிறச் சாஸ்கள் பலவும் கன்றெலும்புச் சாற்றில் தொடங்குபவை. உருளைக்கிழங்கு மசியல் மேலே பொன்னிறமாக வெந்து வரும் இரண்டு உணவுகள் தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும்: ‘பிராந்தாத்’ என்றால் உப்பிட்ட காட் மீனும் பூண்டும் எண்ணெயும் சேர்ந்தது, தயங்காமல் சாப்பிடலாம்; ‘அஷி பர்மாந்தியே’ என்றால் அடியில் கொத்திய மாட்டிறைச்சி இருக்கும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: வெண்ணெயும் வெள்ளை வைனும் சேர்ந்த சாஸோடு அன்றைய மீன்; வறுத்த கோழி; தன் கொழுப்பிலேயே மெதுவாக வெந்த வாத்துத்தொடையான ‘கோன்ஃபி தெ கனார்’; வெள்ளாட்டுக்கறி பழகிய நாக்குக்கு நெருக்கமான செம்மறிக்காலான ‘ழிகோ தாஞ்ஞோ’. இந்தக் கடைசி உணவை உட்பக்கம் இளஞ்சிவப்பாகவே கொண்டுவருவார்கள். அது பிடிக்காதென்றால் கேட்கும்போதே ‘பியான் குயி’ என்று சொல்லுங்கள். தொடக்கத்துக்கு மயோனெய்ஸ் முட்டையைத் தவறவிடாதீர்கள். எளிமையான உணவுதான் என்றாலும், ஒரு கடையின் கைப்பக்குவத்தை அதை வைத்தே எடைபோடுவார்கள்.

அம்மாவைப் பற்றி ஒளிவில்லாமல் சொல்கிறேன். முட்டையும் சேர்க்காத சைவத்துக்குப் பாரம்பரிய பிரெஞ்சு உணவகம் ஏற்ற இடம் அல்ல. ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் மீன் வரும். ‘இறைச்சியும் மீனும் வேண்டாம்’ என்றால் ஆம்லெட் வரும். தொடக்க உணவுகளின் பட்டியல்தான் அவருக்கு அடைக்கலம்: வினிகர் சாஸில் ஊறிய வெந்த லீக் தண்டு (மேலே துருவிய முட்டை இல்லாமல்), துருவிய காரட், பீட்ரூட். அக்டோபரில் பூசணி சூப் எங்கும் இருக்கும், அது கோழிச்சாற்றில் செய்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். செலரிக் கிழங்கு சாலட்டில் முட்டை சேர்ந்த மயோனெய்ஸ் இருப்பதால் அதை விட்டுவிடுங்கள். முதன்மை உணவாக, பக்க உணவுகளான காய்களையும் பாலாடையில் வெந்த உருளைக்கிழங்கையும் ஒரே தட்டில் சேர்த்து ‘ஊன் அசியெத் தெ லெகூம்’ என்று கேட்கலாம். நெரிசல் நேரத்தில் திடீரென்று கேட்பதைவிட, முதல் நாளே இடம் பதிவு செய்யும்போது சொல்லிவிட்டால் நல்ல தட்டாக வரும். பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளில் பெரும்பாலானவை கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையால் உறைக்கப்படுபவை. சில கடைகள் உருளைக்கிழங்கை மாட்டுக்கொழுப்பில் பொரிப்பதும் உண்டு. இவற்றை அம்மா எந்த அளவுக்குப் பார்ப்பார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இனிப்புகளில் கேரமல் புடிங், சாக்லேட் மூஸ் எல்லாம் முட்டை. பழக்கலவையோ, ‘சோர்பே’ என்ற பழ ஐஸோ போதும்.

என் யோசனை, அவரைப் பிரெஞ்சு உணவகத்துக்கு ஒருமுறை, கூடத்தைப் பார்க்கவும் ஒரு சூப் அருந்தவும் அழைத்துப் போங்கள். வயிறார உண்பதை லா ஷப்பேல் பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த அப்பகுதி நார் ரயில் நிலையத்தின் பின்புறம் இருக்கிறது. அங்கே சைவ உணவகங்கள் உண்டு. ஷார்த்தியேவின் கிளை ஒன்று அடுத்த நிலையமான எஸ்த் எதிரிலேயே இருப்பதால் இரண்டையும் ஒரே மாலையில் முடிக்கலாம்.

நடைமுறை குறித்துச் சில சொற்கள். உள்ளே நுழைந்ததும் ‘போன்ழூர், மதாம்’ அல்லது ‘முசியே’ என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். அவர்கள் காட்டும் இடத்தில்தான் உட்கார வேண்டும். முகமன் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்பதை அவர்கள் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள், பாரிஸ் பரிமாறுபவர்கள் கடுகடுப்பானவர்கள் என்ற புகாரில் பாதி இங்கேதான் பிறக்கிறது. பட்டியலை மூடி வைத்தால் முடிவு செய்துவிட்டீர்கள் என்று பொருள். தண்ணீருக்கு ‘ஊன் கராஃப் தோ’ என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் இலவசம். அது உண்டு என்பதைப் பட்டியலிலோ அறிவிப்புப் பலகையிலோ குறிப்பிட வேண்டும் என்று 2022 முதல் சட்டமே இருக்கிறது. வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் ஐந்தாறு யூரோ புட்டி வந்து நிற்கும். ரொட்டிக்கும் தனிக் கட்டணம் இல்லை. அதற்குத் தட்டு வராது, மேசைமேலேயே வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். மீந்ததைக் கட்டித்தரக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கேட்டால் பெட்டி கொடுக்க வேண்டும் என்பது 2021 ஜூலை முதல் உணவகங்களின் கடமை.

கேட்காமல் பில் வராது. மேசையைக் காலி செய்யச் சொல்வதாகிவிடும் என்பதால் அவர்களாகக் கொண்டுவர மாட்டார்கள். ‘லாதிஸியோன், சில் வூ பிளே’ என்று சொல்லுங்கள். பட்டியலில் கண்ட விலைக்குள்ளேயே வரியும் சேவைக் கட்டணமும் அடங்கியிருப்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை. மனநிறைவாக இருந்தால் ஒன்றிரண்டு யூரோ நாணயத்தை மேசையில் வைக்கலாம். அட்டை இயந்திரத்தின் திரையில் 10, 15 சதவீதம் என்று கேட்டால், அது சுற்றுலாப் பயணிகளை நோக்கி அண்மையில் பரவிய பழக்கம். தயங்காமல் ‘இல்லை’ என்பதை அழுத்திவிட்டுக் கிளம்புங்கள்.